விளையாடுபவரின் கை எங்கே இருக்கிறது?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டு வருடமாக ஓர் ஆக்‌ஷன் அட்வென்சர் கேம் செய்துகொண்டிருக்கிறோம். பாதி மூழ்கிப்போன ஒரு நகரத்தில், காணாமல் போன தம்பியைத் தேடிப் போகும் அக்காவின் கதை. எழுதுவது நான். மொத்தம் பதினோரு கட்சீன் (விளையாட்டை நிறுத்திவிட்டு ஓடும் சினிமா மாதிரிக் காட்சி), நாற்பது நிமிடம் வரும். சமீபத்தில் வெளியாட்கள் சிலரை உட்கார வைத்து விளையாடச் சொன்னோம். பெரும்பாலானோர் கட்சீன்களை ஸ்கிப் செய்துவிட்டார்கள். பொறுமையாகப் பார்த்த இரண்டு பேரும், "சண்டை நன்றாக இருக்கிறது, கதையும் பரவாயில்லை, ஆனால் இரண்டும் வேறு வேறு கேம் மாதிரி இருக்கிறது" என்றார்கள். கோடிங் பார்க்கும் நண்பர் கதையைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். வரைகிற தோழி சண்டையைக் குறைக்கலாம் என்கிறார். கதைக்கும் விளையாட்டுக்கும் எவ்வளவு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தைப் படித்தேன். முதல் ஒரு மணி நேர வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். கதை நல்ல கதை. சண்டையும் நன்றாக வந்திருக்கிறது; அக்கா வாளை வீசும்போது அவள் தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்புவதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று தெரிகிறது. அதனால் எதையும் இப்போதைக்கு வெட்ட வேண்டாம்.

இது இத்தனை பங்கு, அது இத்தனை பங்கு என்று பிரித்துக் கொடுத்தால் உங்கள் சிக்கல் தீராது. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கதையில் முக்கியமான ஒன்று நடக்கும் நேரத்தில் விளையாடுபவரின் கை என்ன செய்துகொண்டிருக்கிறது? உங்கள் கட்சீன்கள் ஒவ்வொன்றுக்கும் இதைக் கேட்டுப் பார்த்தேன். பதினொன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: சும்மா இருக்கிறது.

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் லெவல் டிசைனராக, அதாவது கேமின் ஒவ்வொரு கட்டத்தையும் வடிவமைப்பவராக இருந்தேன். எங்கள் கேம் எட்டு நிமிடக் கட்சீனோடு தொடங்கும். அதற்காக மாதக்கணக்கில் உழைத்திருந்தோம். டெஸ்டுக்கு வந்த ஓர் இளைஞர் முதல் அரை நிமிடம் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் ஸ்டிக்கை அசைத்து அசைத்துப் பார்த்தார். திரையில் எதுவும் நகரவில்லை. அப்புறம் கன்ட்ரோலரை மடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது மேஜைக்குப் போனது, கை போனுக்குப் போனது. கட்சீன் முடிந்து முதல் எதிரி பாய்ந்து வந்தபோது அவர் தலை நிமிர்வதற்குள் நாயகன் செத்துக் கிடந்தான். அவர் மறுபடி ஆரம்பித்தார். கட்சீன் மறுபடி வந்தது. இந்த முறை ஒரு நொடிகூட யோசிக்காமல் ஸ்கிப். அன்றிலிருந்து டெஸ்ட் நடக்கும்போது நான் திரையை அதிகம் பார்ப்பதில்லை. கைகளைத்தான் பார்க்கிறேன்.

அவருக்குக் கதை பிடிக்காமல் இல்லை. விளையாட வந்தவர் அவர். முதல் நிமிடத்தில் அந்த ஸ்டிக்கை அசைத்துப் பார்த்தாரே, அதுதான் அவர் "நான் வந்துவிட்டேன்" என்று சொன்ன விதம். நாங்கள் பதில் சொல்லவில்லை. உங்கள் கேமிலும் இதேதான் நடக்கிறது. தொடங்கியதும் ஐந்தரை நிமிடம் கட்சீன். தம்பி சிரிக்கிறான், விளக்கை ஏந்திக்கொண்டு முன்னால் ஓடுகிறான், வெள்ளம் வருகிறது, காணாமல் போகிறான். அக்கா கதறுகிறாள். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பையனோடு என்ன பழக்கம்? ஐந்தரை நிமிடம் முன்னால் அவன் யாரென்றே தெரியாது.

என் யோசனை இது. முதல் இருபது நிமிடம் தம்பி கூடவே இருக்கட்டும், கட்சீனில் அல்லாமல் விளையாட்டில். உங்கள் கதையிலேயே அவன் கையில் ஒரு விளக்கு இருக்கிறது. அதை விளையாட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஒரு பட்டனை அழுத்தினால் அக்கா அவனைக் கூப்பிடுவாள், அவன் விளக்கோடு ஓடி வருவான். இருட்டான மண்டபத்தைக் கடக்க அவன் வேண்டும். அக்கா நுழைய முடியாத சந்துக்குள் அவன் புகுந்து கதவைத் திறந்துவிட வேண்டும். இருபது நிமிடத்தில் விளையாடுபவர் அந்தப் பட்டனை முப்பது நாற்பது தடவை அழுத்தியிருப்பார். விரல் தானாகப் போகும் அளவுக்குப் பழகிவிடும். அதன் பிறகு வெள்ளம் வரட்டும். தம்பி போகட்டும். பட்டனை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அடுத்த இருட்டு மண்டபத்தில் பழக்க தோஷத்தில் அதை அழுத்துவார்கள். அக்கா அவன் பெயரைக் கூப்பிடுவாள். யாரும் வர மாட்டார்கள்.

அந்த ஒரு நொடி உங்கள் ஐந்தரை நிமிடக் கட்சீனைவிட அதிகம் சொல்லும். சொல்வது அக்கா இல்லை, விளையாடுபவரின் விரல்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை. 2001-ல் வந்த ஈகோ கேமில் அதன் இயக்குநர் ஃபுமிட்டோ உவேடாவின் குழு கிட்டத்தட்ட முழு உறவையும் ஒரே பட்டனில் வைத்தது. கன்ட்ரோலரில் ஆர்1 பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் நாயகனான சிறுவன் கூட வரும் பெண்ணின் கையைப் பிடித்திருப்பான். விட்டால் கை விடுபடும். அவளைத் தனியே விட்டு அதிக தூரம் போனால் நிழல் உருவங்கள் வந்து இழுத்துப் போகும். இருவருக்கும் பொதுவான மொழிகூட கிடையாது. ஆனாலும் அவளை விட்டுவிட்டுப் போக மனம் வராது, ஏனென்றால் பிடித்திருப்பது நம் விரல்.

2013-ல் வந்த பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ் இதை இன்னும் கூர்மையாகச் செய்தது. (அதை விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்; முடிவைச் சொல்லப் போகிறேன்.) இடது கை அண்ணன், வலது கை தம்பி. ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டிக், ஒரு ட்ரிகர் (ஆள்காட்டி விரலால் இழுக்கும் பட்டன்), அவ்வளவுதான். தம்பிக்குத் தண்ணீரென்றால் பயம். அண்ணனின் முதுகில் தொற்றிக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். கடைசியில் அண்ணன் இறந்துவிடுகிறான். இடது கைக்கு வேலையே இல்லாமல் போகிறது. தம்பி தனியாக வீடு திரும்பும் வழியில் தண்ணீர் குறுக்கிடுகிறது. வலது ட்ரிகரை அழுத்தினால் அவன் இறங்க மாட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் இடது ட்ரிகரை, அண்ணனுடைய ட்ரிகரை அழுத்தும்போது தம்பி நீந்துவான். வசனம் எதுவும் இல்லை. அண்ணன் எங்கே இருக்கிறான் என்பதை இடது கை தெரிந்துகொள்கிறது. இதைச் சினிமாவில் செய்ய முடியாது, நாவலில் செய்ய முடியாது. நம் தொழிலில் மட்டும்தான் முடியும். இதைக் கையில் வைத்துக்கொண்டு நாம் நாற்பது நிமிடக் குறும்படம் எடுத்து நடுவில் செருகிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

பழக்கம் உடையும் இடத்தில் கதை வைப்பது பெரிய தயாரிப்புகளிலும் நடக்கிறது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமில் சுவர்களைத் தாண்டும் முறை நினைவிருக்கும்: நாயகன் ஜோயல் கையைக் கோத்து நிற்பார், அவர் கூட்டிப்போகும் சிறுமி எல்லி ஓடி வந்து அதில் கால் வைத்து ஏறுவாள். கேம் முழுக்க இது ஒரு சலிப்பான வேலைதான். குளிர்காலப் பகுதியில் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, வசந்தத்தில் ஓர் இடத்தில் நாம் வழக்கம் போல பட்டனை அழுத்துகிறோம், ஜோயல் வழக்கம் போல நிற்கிறார், எல்லி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தள்ளி உட்கார்ந்து எங்கேயோ யோசனையில் இருக்கிறாள். "அவள் உடைந்து போயிருக்கிறாள்" என்று எந்தப் பாத்திரமும் வசனம் பேசியிருந்தால் இதில் பாதிகூட நமக்குள் இறங்கியிருக்காது. அந்தச் சலிப்பான வேலையைப் பல முறை செய்ய வைத்ததே இந்த ஒரு முறைக்காகத்தானோ என்று எனக்குத் தோன்றும்.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். "இரண்டும் வேறு வேறு கேம் மாதிரி இருக்கிறது" என்று அந்த இருவர் சொன்னதற்கு நேரடிக் காரணம் உங்கள் மூன்றாவது கட்சீனில் இருக்கிறது. அப்பா இறந்த அன்று "இனி வாளைத் தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தவள் அக்கா. மனமில்லாமல், கை நடுங்க, மறுபடி வாளை எடுக்கிறாள். அருமையான காட்சி. வீடியோவில் அடுத்த பத்து நிமிடத்தில் நான் எண்ணிப் பார்த்தேன்: முப்பத்தெட்டு காவலர்களை வெட்டிச் சாய்க்கிறாள். கடைசி மூன்று பேரை ஒரே சுழற்சியில் வெட்டியதற்கு போனஸ் வேறு வருகிறது.

இதற்கு நம் துறையில் ஒரு பெயரே உண்டு. கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007-ல் பயோஷாக் என்ற கேம் பற்றி எழுதியபோது லூடோநேரட்டிவ் டிஸ்ஸோனன்ஸ் என்றார். கதை ஒன்று சொல்ல, விளையாட்டு வேறொன்று சொல்லும் முரண். 2013-ல் வந்த டூம் ரைடரில் நாயகி லாரா முதல் முறை ஒருவனைக் கொல்லும் காட்சி உலுக்கும். ஆனால் சில நிமிடத்தில் அவள் சரமாரியாகச் சுட ஆரம்பித்துவிடுவாள், உலுக்கியது எல்லாம் ஆறிப் போகும். அன்சார்ட்டட் 4-ல் ஆயிரம் எதிரிகளை வீழ்த்தினால் கிடைக்கும் டிராஃபிக்கு (சாதனைப் பரிசுக்கு) இந்த முரணின் பெயரையே வைத்தார்கள். பெரிய ஸ்டுடியோக்களுக்கே இதிலிருந்து தப்புவது கடினம் என்பதற்காகச் சொல்கிறேன், நீங்கள் மனம் தளர வேண்டாம்.

தீர்க்க இரண்டு வழி. எதிரிகளைக் குறைத்து ஒவ்வொரு சண்டைக்கும் கனம் கூட்டலாம். ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் கேம் அப்படித்தான்: மொத்தமே பதினாறு ராட்சதர்கள், இடையில் ஒரு சில்லறை எதிரிகூட கிடையாது. வெட்டவெளியில் குதிரையில் நெடுந்தூரம் போக வேண்டும். போய்ச் சேர்ந்து, வழுக்கும் ரோமத்தைப் பிடித்துத் தொங்கி, பிடிமானம் தீர்வதற்குள் ஏறிக் கொன்றால், வெற்றி முழக்கத்துக்குப் பதில் சோகமான இசை வரும். கொல்லக் கொல்ல நாயகனின் உருவம் வாடிக்கொண்டே போகும். "நான் செய்வது சரிதானா" என்ற கேள்வி விளையாட்டிலிருந்தே கிளம்புகிறது.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. சத்தியத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் சண்டை வேகமானது, உற்சாகமானது, விளையாடியவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அதைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினால் உங்கள் நண்பருக்கு மாதக்கணக்கில் வேலை. கதையில் அந்தச் சத்தியத்தை மாற்ற உங்களுக்கு ஒரு நாள் வேலை. அக்கா சண்டைக்குப் பிறந்தவளாகவே இருக்கட்டும். வாள் வீச்சில் அவளுக்கு இருக்கும் ஆனந்தம்தான் தம்பியைக் கவனிக்க விடாமல் செய்தது என்று வைத்துப் பாருங்கள். வெள்ளம் வந்த நேரத்தில் அவள் இன்னும் ஓர் எதிரியைத் துரத்திக்கொண்டு போயிருந்தாள், தம்பி பின்னால் நின்றுவிட்டான். இப்போது விளையாடுபவருக்குச் சண்டையில் கிடைக்கும் அதே உற்சாகம் கதையின் குற்றவுணர்ச்சியாகிறது. எழுதிய காட்சியைத் தூக்கிப் போடுவது வலிக்கும், எனக்குத் தெரியும். சிறிய குழுவில் எழுதுகிறவர்தான் முதலில் வளைய வேண்டும், ஏனென்றால் நம் பொருள்தான் மலிவாக வளையும்.

அப்புறம், அந்த ஆறாவது கட்சீன். படகுத்துறை காவலன் மிகக் கடினமான பாஸ், அதாவது கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி. வீடியோவில் ஏழாவது முயற்சியில்தான் வெல்கிறார்கள். வென்ற அடுத்த நொடி கட்சீன் வருகிறது, அதில் காவலன் அக்காவை ஓர் அடியில் வீழ்த்தித் தூக்கிப் போகிறான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் செய்துவிட்டீர்கள். விளையாட்டில் ஜெயிக்க வைத்துக் கட்சீனில் தோற்கடிப்பதைப் போல் ஒருவரின் மனதை முறிக்கும் வேலை வேறில்லை. அவள் தோற்றே ஆக வேண்டுமென்றால் விளையாட்டிலேயே தோற்கட்டும். சண்டையின் நடுவில் துறை இடிந்து அவள் தண்ணீருக்குள் போகலாம், அல்லது காவலனை வென்ற பிறகு வேறொருவர் வரலாம். இதற்கு நேர் எதிரான உதாரணம் மெட்டல் கியர் சாலிட் 3: நாயகன் தன் குருவை வென்றபின் கட்சீன் ஓடுகிறது, ஆனால் கடைசித் தோட்டாவுக்கு மட்டும் காட்சி நின்று நமக்காகக் காத்திருக்கிறது. ட்ரிகரை இழுப்பது நாம்தான். அந்தத் தயக்கம் நமக்கே உரியதாகிவிடுகிறது. பட்டனைத் திரையில் காட்டி அரை நொடியில் அழுத்தச் சொல்லும் வகையறாவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது கையைப் பரபரப்பாக வைத்திருக்கும், அவ்வளவே. கண் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போது முகத்தை யார் பார்ப்பார்கள்?

வசனங்களை எங்கே வைப்பது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். சண்டை நடக்கும்போது கதைக்குத் தேவையான எதையும் பேச வைக்காதீர்கள், யார் காதிலும் விழாது. அந்த நேரத்தில் "பின்னால் வருகிறான்!" அளவுக்குத்தான் இடம். நடை, ஏற்றம், படகு மாதிரி கைக்கு லேசான வேலை இருக்கும் இடங்கள்தான் பேச்சுக்கு ஏற்றவை. 2018-ல் வந்த காட் ஆஃப் வார் படகுப் பயணத்தை இதற்கே வைத்திருந்தது. துடுப்பு போடும்போது கதைகள் வரும். பாதியில் நாம் கரை இறங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள், படகுக்குத் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சின்ன வேலை; ஆனால் "நீ இறங்கிப் போகலாம், கதை உனக்காகக் காத்திருக்கும்" என்ற மரியாதை அதில் இருக்கிறது. உங்கள் கேமிலும் படகு இருக்கிறதே! நான்காவது, ஐந்தாவது, எட்டாவது கட்சீன்கள் மூன்றுமே வெறும் உரையாடல்கள். மூன்றையும் படகில் ஏற்றிவிடலாம்.

சாவையும் கதையிலிருந்து வெளியே விடாதீர்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் கேமில் இளவரசன் நடந்து முடிந்த கதையை நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான், நாம் பள்ளத்தில் விழுந்து செத்தால், இல்லை, அப்படி நடக்கவில்லை என்று தன்னைத் திருத்திக்கொண்டு மறுபடி தொடங்குவான். ஹேடீஸ் கேம் ஒவ்வொரு சாவையும் வீடு திரும்பலாகவே ஆக்கி, அந்த வீட்டில்தான் உறவுகளை வளர்த்தது. உங்கள் கேமில் செத்தால் ஒரு கறுப்புத் திரை வருகிறது. அவசரமில்லை, ஆனால் யோசித்து வையுங்கள்.

அவசரம் என்றதும் நினைவுக்கு வருகிறது: "இன்று இரவுக்குள் கண்டுபிடிக்காவிட்டால் தம்பி பிழைக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுச் சிப்பி பொறுக்கும் சைடு குவெஸ்ட் (கதைக்கு வெளியே செய்யும் உதிரி வேலை) கொடுத்திருக்கிறீர்கள். இரண்டில் ஒன்று போக வேண்டும். பிரெத் ஆஃப் தி வைல்ட் கேமில் நாயகன் நூறு வருடம் தூங்கி எழுந்தவன். நூறு வருடம் காத்தவர்கள் இன்னும் கொஞ்சம் காக்கலாம் என்பதால் ஊர் சுற்றுவது உறுத்தாது; துணிந்தவர் முதல் பகுதியை முடித்ததும் நேராகக் கடைசிச் சண்டைக்கே போகலாம். உங்கள் கதையில் அந்த "இன்று இரவு" என்ற ஒரு வரியை எடுத்தாலே போதும்.

கட்சீனே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1998-ல் வந்த ஹாஃப் லைஃப் கேம் ஒரு கட்சீன்கூட இல்லாமல், நாயகனின் கண்ணைவிட்டு ஒரு கணமும் வெளியேறாமல் கதை சொன்னது. அதற்காக எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றில்லை. பெரிய சண்டைக்குப் பிறகு கை களைத்திருக்கும். அப்போது இரண்டு நிமிடம் சும்மா பார்ப்பது சுகம்தான். உங்கள் ஒன்பதாவது கட்சீன், அக்கா விளக்கை மட்டும் கண்டெடுக்கும் இடம், அப்படியே இருக்கட்டும். அதில் கை வைக்காதீர்கள். ஸ்கிப் பட்டனையும் எடுக்காதீர்கள். அதை எடுப்பது பிணைக்கைதி பிடிப்பது மாதிரி.

அடுத்த டெஸ்டுக்கு முன் புதிதாக எதையும் வரைய வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்து முதல் இருபது நிமிடத்தை மட்டும் கட்டுங்கள். தம்பி ஒரு சின்னப் பெட்டியாகவே இருக்கட்டும், தலையில் ஒரு வெளிச்சத்தோடு. புதிதாக ஐந்து பேரை அழைத்து விளையாட விடுங்கள். "கதை பிடித்ததா" என்று கேட்க வேண்டாம், எல்லோரும் மரியாதைக்குப் பிடித்தது என்பார்கள். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து "அதில் என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எந்த இடத்தை அவர்களாகவே சொல்கிறார்களோ அது நிற்கிறது. சொல்லாமல் விட்டதெல்லாம் இன்னும் கைக்குப் போய்ச் சேரவில்லை.

டெஸ்ட் நடக்கும்போது ஒருவர் கைகளைக் கவனியுங்கள். தம்பி போனபிறகு அந்தக் கூப்பிடும் பட்டனை எத்தனை முறை அழுத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையை எனக்கும் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.